கைகளைக் கட்டிக்கொள்ளும் மேலாளர் குறித்து

நீங்கள் பேசத் தொடங்கியதும் மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்கிறார், ஆகவே உங்கள் மீது அவருக்கு வெறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஓர் அசைவை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்வது சரியன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அறை குளிராக இருந்தாலும், நாற்காலியில் கைப்பிடி இல்லாவிட்டாலும், ஏன், ஊன்றிக் கேட்கும்போதும்கூடப் பலர் கைகளைக் கட்டிக்கொள்வார்கள்.

மற்றவர்கள் பேசும்போது அவர் எப்படி அமர்ந்திருக்கிறார் என்பதை இரண்டு மூன்று கூட்டங்களில் கவனியுங்கள். எல்லோரிடமும் அவ்வாறே என்றால் அது அவருடைய வழக்கம், அவ்வளவுதான். மாறாக, உங்களிடம் மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட பேச்சு எழும் கணத்தில், பார்வை விலகுவதும் உதடுகள் இறுகுவதும் பதில் சுருங்குவதும் சேர்ந்தே நிகழ்ந்தால், அவருக்கு ஏதோ உறுத்துகிறது என்று கொள்ளலாம். காரணம் நீங்கள்தானா என்பதை உடல் சொல்லாது.

தகவல் பரிமாற்றத்தில் 93 விழுக்காடு சொற்களுக்கு அப்பாற்பட்டது என்று நீங்கள் காட்டிய கணக்கு, 1967-இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்தது. சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது ஒருவரின் விருப்பு வெறுப்பை எப்படி ஊகிக்கிறோம் என்பதைப் பற்றியவை அவை. அலுவலகக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கைப் பொருத்துவது, பரவலாக நடந்தாலும், தவறு.

கூட்டம் முடிந்தபின், “நான் சொன்னதில் உங்களுக்கு ஐயம் ஏதேனும் உண்டா?” என்று தனியே கேட்டுவிடுங்கள்.