ஞாயித்துக்கிழமை போட்ட கையெழுத்து

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின பார்லிமென்ட், மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டியோட ஒரு சட்டத்திருத்தம் கொண்டு வருது. யாருமே ஓட்டுப் போடாத நாலஞ்சு ஜட்ஜுங்க உக்காந்து அது செல்லாதுன்னு சொல்லிடறாங்க. இதுக்குப் பேர் ஜனநாயகமா? அதிகாரப் பிரிவுன்னா அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கறதுதானே? சரி, ஜட்ஜே தப்பு பண்ணா அவரை யார் கேக்கறது? — வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: சார், உங்க கடைசி வரிக்குக் கடைசியிலயே வரேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கு உங்களோட சண்டையே இல்ல. ஆனா எது யார் வேலைன்னு பிரிக்கிற எடத்துலதான் தகராறே ஆரம்பிக்குது. ஒரு தேர்தல்ல ஜெயிச்சவர் ஒழுங்காத்தான் ஜெயிச்சாரான்னு தீர்ப்பு சொல்றது யார் வேலை? ஜெயிச்சவரோட சொந்தக் கட்சிக்காரங்க வேலையா? இல்லன்னுதான் நீங்களும் சொல்வீங்க. 1975 ஆகஸ்ட்ல நம்ம பார்லிமென்ட் அந்த வேலையைத்தான் பாத்துச்சு, அதுவும் நீங்க சொல்ற அதே மெஜாரிட்டியோட.

கதை 1971ல ஆரம்பிக்குது. ரேபரேலியில இந்திரா காந்தி, ராஜ் நாராயணை ஒரு லட்சத்துக்கும் மேல ஓட்டு வித்தியாசத்துல தோற்கடிச்சாங்க. அந்த மனுஷன் விடல, கேஸ் போட்டாரு. நாலு வருஷம் இழுத்து, 1975 ஜூன் 12ந்தேதி அலகாபாத் ஹைகோர்ட் ஜட்ஜ் ஜக்மோகன்லால் சின்ஹா அந்தத் தேர்தல் செல்லாதுன்னுட்டாரு. குற்றச்சாட்டைப் பாத்தா இன்னைக்கு சிரிப்பு வரும், கவர்மென்ட் சம்பளத்துல இருந்த யஷ்பால் கபூர்ங்கற ஆபீஸர் ராஜினாமா முறையா முடியறதுக்கு முன்னாடியே எலெக்‌ஷன் வேலை பாத்தாரு, பொதுக்கூட்ட மேடை கட்டவும் மைக்குக்குக் கரண்ட் குடுக்கவும் மாநில அதிகாரிங்க ஒத்தாசை பண்ணாங்க, அவ்ளோதான். இப்ப நம்ம ஊர் வார்டு எலெக்‌ஷன்ல கூட இதெல்லாம் ஒரு விஷயமா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா அன்னைக்கு சட்டத்துல அது தப்புன்னு இருந்துச்சு, அவர் தப்புன்னு எழுதினாரு, ஆறு வருஷம் தேர்தல்ல நிக்க முடியாத நிலை வந்துச்சு. ஆட்சியில இருக்கற பிரதமருக்கு எதிரா ஒரு தனி ஜட்ஜ்!

சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனாங்க. கோர்ட் லீவு நேரத்துல கேஸ் பாத்த ஜட்ஜ் கிருஷ்ணய்யர், அவர் ஜூன் 24ந்தேதி பாதி தடைதான் குடுத்தாரு, அதாவது பிரதமரா இருக்கலாம், சபைக்குப் போலாம், ஆனா எம்.பி.யா ஓட்டுப் போடக்கூடாது, எம்.பி. சம்பளமும் வாங்கக்கூடாது. அடுத்த நாள் ராத்திரியே எமர்ஜென்சி. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம், விடிஞ்சுதான் கேபினெட்டுக்கே விஷயத்தைச் சொன்னாங்க. எதிர்க்கட்சித் தலைவருங்க ஜெயிலுக்குள்ள, பத்திரிகைக்கு சென்சார் (எங்க தொழில்ல இருந்த பழைய ஆளுங்க அந்தக் கதையை ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க).

இப்ப தேதிகளை மட்டும் பாருங்க சார். அப்பீல் விசாரணை ஆகஸ்ட் 11ந்தேதி. ஆகஸ்ட் 7ந்தேதி 39வது சட்டத்திருத்த மசோதா லோக்சபாவுல வருது, அன்னைக்கே பாஸ். 8ந்தேதி ராஜ்யசபா. 9ந்தேதி மாநில சட்டசபைகளை அவசர அவசரமா கூட்டி ஒப்புதல். 10ந்தேதி ஞாயித்துக்கிழமை, ஜனாதிபதி கையெழுத்து. மறுநாள் கோர்ட்டுக்கு வக்கீலுங்க போறப்ப கேஸே இல்ல, ஏன்னா 329ஏன்னு ஒரு புது ஷரத்து வந்துடுச்சு. பிரதமர், சபாநாயகர் தேர்தலை இனிமே கோர்ட்ல கேக்க முடியாது, அதோட நிக்காம, அதுல நாலாவது பிரிவு என்ன சொல்லுச்சுன்னா ஏற்கனவே நடந்த பிரதமரோட தேர்தலுக்குப் பழைய சட்டம் எதுவும் பொருந்தாது, கோர்ட் ஏதாவது தீர்ப்பு சொல்லியிருந்தா அந்தத் தீர்ப்பே செல்லாது, தேர்தல் மட்டும் செல்லும்.

தேர்தல்ல தப்பு நடக்கலன்னு சொல்லல, தப்போட வரையறையை மாத்தறோம்னு சொல்லல, எந்தச் சட்டமும் பொருந்தாது ஆனா ஜெயிச்சது ஜெயிச்சதுதான்னு எழுதினாங்க. எல்லாருக்கும் பொதுவா எழுதினா அது சட்டம். பேர் போடாம ஒரே ஒருத்தருக்காக எழுதினா அது தீர்ப்பு, அதுவும் எதிர் தரப்பைக் கேக்காத தீர்ப்பு. சட்டம் போடறவங்களுக்கும் தீர்ப்பு சொல்றவங்களுக்கும் நடுவுல கோடுன்னு சொல்றோமே, அந்தக் கோடு ஓடற எடம் இதுதான்.

சுப்ரீம் கோர்ட் அந்த வருஷம் நவம்பர் 7ந்தேதி நாலாவது பிரிவைத் தூக்கிப் போட்டுச்சு. அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி, 1973 ஏப்ரல் 24ல கேசவானந்த பாரதி கேஸ்ல 13 ஜட்ஜுங்க உக்காந்து ஏழுக்கு ஆறுன்னு ஒரு தீர்ப்பு, பார்லிமென்ட் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம் ஆனா அடிப்படைக் கட்டமைப்பை ஒடைக்கக் கூடாதுன்னு. அதை ஒத்துக்காத அந்த ஆறு பேர்ல நாலு பேர் (ரே, மாத்யூ, பெக், சந்திரசூட்) இந்த பெஞ்ச்ல இருந்தாங்க. அஞ்சாவது ஆள் எச்.ஆர்.கன்னா மட்டும்தான் அதை ஒத்துக்கிட்ட ஏழு பேர் பக்கம். அதுலயும் ரே யாருன்னா, அந்தத் தீர்ப்பு வந்த கையோட மூணு சீனியர் ஜட்ஜுங்களைத் தாண்டி தலைமை நீதிபதி ஆக்கப்பட்டவர், மூணு பேரும் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாங்க. அப்படிப்பட்ட பெஞ்சே இதைப் பாத்துட்டு முடியாதுன்னுச்சு.

ஆனா இந்திரா காந்தி பதவி போச்சா? போகல. தேர்தல் சட்டத்தையும் முன்தேதியிட்டுத் திருத்தி வச்சிருந்தாங்க, எப்பலேர்ந்து ஒருத்தர் வேட்பாளர், ராஜினாமா எந்தத் தேதியிலேர்ந்து கணக்குன்னு. அது எழுத்துல எல்லாருக்கும் பொதுவான சட்டம், அதனால கோர்ட் அதை ஏத்துக்கிட்டு அவங்க ஜெயிச்சது செல்லும்னு சொல்லிடுச்சு. எனக்கு அதுல இன்னிக்கும் கசப்புதான், இருந்தாலும் ஓட்டுப் போடாத ஜட்ஜுங்க மக்கள் பிரதிநிதியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்றவங்க இதைப் படிக்கணும். சட்டம் போடற அதிகாரத்தை அவங்க தொடவே இல்ல.

அதுக்காக கோர்ட்டுக்குக் கோயில் கட்டணும்னு சொல்றேன்னு நெனச்சுடாதீங்க. அடுத்த வருஷம் ஏப்ரல் 28ந்தேதி அதே சுப்ரீம் கோர்ட், எமர்ஜென்சி நேரத்துல ஒருத்தரைக் காரணமில்லாம புடிச்சு உள்ள போட்டாலும் கோர்ட்டுக்கு வர முடியாதுன்னு நாலுக்கு ஒண்ணுன்னு சொல்லுச்சு. ஒன்பது ஹைகோர்ட் வேற மாதிரி சொல்லியிருந்தும்! மறுத்த ஒருத்தர் அதே கன்னா. அவருக்குக் கெடைச்சது, 1977 ஜனவரியில தலைமை நீதிபதி ஆக வேண்டிய எடத்துல ஜூனியர் பெக்கைப் போட்டாங்க, கன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

கோர்ட் விட்ட ஓட்டையை யார் அடைச்சா? அந்த மார்ச்ல ஜனங்க ஓட்டுப் போட்டாங்க, ரேபரேலியில அதே ராஜ் நாராயண் 55 ஆயிரம் சொச்சம் ஓட்டுல ஜெயிச்சாரு. புது பார்லிமென்ட் 1978ல 44வது திருத்தம் கொண்டு வந்துச்சு, எமர்ஜென்சின்னா கேபினெட் எழுத்துல குடுக்கணும், உள்நாட்டுக் குழப்பம்னு சாக்கு சொல்ல முடியாது ஆயுதக் கிளர்ச்சி இருக்கணும், உயிர் வாழற உரிமையை எமர்ஜென்சியிலயும் நிறுத்தி வைக்க முடியாது. அந்த 329ஏவையும் தூக்கிட்டாங்க. கொண்டு வந்த சட்ட மந்திரி சாந்தி பூஷன், அலகாபாத்துல ராஜ் நாராயணுக்கு வாதாடின வக்கீலே அவர்தான். கோர்ட் தன்னோட 1976 தப்பை வாய் விட்டு ஒத்துக்கிட்டது 2017ல, அந்தத் தீர்ப்பு எழுதின ஜட்ஜோட அப்பா 1976 பெஞ்ச்ல தப்பான பக்கம் இருந்த சந்திரசூட். நாப்பது வருஷம் ஆச்சு சார். பார்லிமென்ட் அதை ரெண்டு வருஷத்துல முடிச்சுது. அதனால யார் பெரியவங்கன்னு நீங்க கேக்கறப்ப என்கிட்ட பதில் இல்ல.

உண்மையில உங்க கவலை வேற எடத்துல இருக்கணும்னு தோணுது. மூணு தூண்னு பாடப் புத்தகத்துல போட்டிருக்கான், நம்ம முறையில மந்திரிங்களே எம்.பி.ங்கதான், அமெரிக்கா மாதிரி அரசாங்கம் தனி சபை தனின்னு இல்ல. 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு அப்புறம் கொறடா சொல்ற பக்கம் கை தூக்கலன்னா பதவியே போகும். நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளு, கவர்மென்டை நல்லா நாலு கேள்வி கேக்கலாம், ஓட்டெடுப்புல மட்டும் தலைமை சொன்னபடி. அப்ப ரெண்டு தூண் ஒண்ணா ஒட்டிக்கிட்டு நிக்குது, மூணாவதுதான் எல்லார் கண்ணையும் உறுத்துது.

இப்ப கடைசி வரி. ஜட்ஜை யார் கேக்கறது? இதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஜட்ஜுங்களை நியமிக்க ஒரு கமிஷன் வேணும்னு பார்லிமென்ட் கொண்டு வந்ததை 2015ல அதே ஜட்ஜுங்கதான் ரத்து பண்ணாங்க, தன் வீட்டுப் பஞ்சாயத்துக்குத் தானே நாட்டாமை. இந்திரா காந்தி விஷயத்துல நான் என்ன அளவுகோல் வச்சேனோ அதை இங்க வச்சாலும் இடிக்கத்தான் செய்யுது.

ஆனா கேக்கவே முடியாதுன்னு சொல்லாதீங்க, கேக்கற அதிகாரம் பார்லிமென்ட் கையில இருக்கு, ஒரு தடவை லோக்சபாவுல ஓட்டெடுப்பு வரைக்கும் வந்தும் இருக்கு. 1993 மே மாசம், மெட்ராஸ் ஹைகோர்ட்லேர்ந்து மேல போன ஜட்ஜ் வி.ராமசாமி மேல, பஞ்சாப்-ஹரியானாவுல தலைமை நீதிபதியா இருந்தப்ப அரசு வீட்டுக்குப் பண்ண செலவு சம்பந்தமா விசாரணை கமிட்டி தப்புன்னு சொல்லியாச்சு. நீக்கணும்னு 196 பேர் ஓட்டுப் போட்டாங்க. வேண்டாம்னு ஓட்டுப் போட்டது ஒருத்தர் கூட இல்ல. ஆளுங்கட்சி காங்கிரஸும் கூட்டாளிங்களுமா 205 பேர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாம உக்காந்திருந்தாங்க, வேண்டிய அளவு ஓட்டு சேராம தீர்மானம் தோத்துப் போச்சு. அந்த 205 பேருமே நம்மாளுங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவங்கதான் சார்.