ஓவியக் கேள்வி–பதில்: அஞ்சடி நிழலில் தொடங்குங்கள்

கேள்வி: மலேசியாவின் தெலுக் இந்தானில், செம்பனைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாய்ந்த கோபுரத்தை அடுத்த பழைய கடைவரிசையைப் பேஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் தீட்டி வருகிறேன். சன்னல், பெயர்ப்பலகை, மின்கம்பி என எதையும் விட மனம் வராததால், படம் கட்டட வரைபடம் போல விறைத்துவிடுகிறது; திருத்தப் போனால் வண்ணம் சேறாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு காசும் விடுபடாமல் எழுதிப் பழகிய கை, ஒரு சன்னலையும் விட மறுப்பதில் வியப்பில்லை. வண்ணத்தைத் தொடுமுன், கண்களைப் பாதி மூடிக்கொண்டு கடைவரிசையைப் பாருங்கள். சன்னல்கள் மறைந்து, வெளிறிய வானம், வெயில் படும் மேல்சுவர், கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் அஞ்சடியின் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையின்) இருள் ஆகிய மூன்று மட்டுமே எஞ்சும். அவற்றை உள்ளங்கையளவுத் தாளில் கரியால் தீட்டிப் பாருங்கள். அங்கே நிற்காத படம் சன்னல்களைச் சேர்ப்பதால் நிற்கப்போவதில்லை.

பிறகு, சொரசொரப்பான பழுப்புத் தாளில், 3 சென்டிமீட்டர் அளவுக்கு ஒடித்த கட்டியைப் படுக்கவைத்து இழுங்கள். கூர்முனையை எடுத்தால் கை உடனே சன்னல் கட்டத் தொடங்கிவிடும். அஞ்சடிக்குக் கறுப்பு வேண்டாம். கருநீலத்தின்மேல் சிறிது ஊதாவை இழுத்து, தூண்களும் மூட்டைகளும் அதற்குள்ளேயே கரைந்துபோக விடுங்கள். அந்த இருளில் நகத்தளவு வெள்ளைத் தீற்றல் ஒன்றை வைத்தால், தேநீர் அருந்துபவரின் பனியனாக அதைப் பார்ப்பவரே கண்டுகொள்வார். 1885இல் எழுந்த கோபுரமோ வெளியே எட்டு அடுக்காகத் தோன்றினாலும் உள்ளே மூன்றே மாடிகள் கொண்டது. ஆகவே அடுக்குகளை எண்ண வேண்டியதில்லை, சாய்வு மட்டும் பிசகக்கூடாது. அமெரிக்க ஓவியர் விஸ்லரும் 1879–80இல் வெனிஸ் நகரில் தீட்டிய பேஸ்டல்களில், பழுப்புத் தாளின் பெரும்பகுதியை வெறுமையாகவே விட்டிருக்கிறார்.

சேறாவதற்குக் காரணம் விரல்தான். மென்பேஸ்டல் என்பது மிகக் குறைந்த பசையில் பிடித்துவைத்த நிறமித்தூள். விரலால் தேய்க்கத் தேய்க்க அது தாளின் சொரசொரப்பை அடைத்துவிடுவதால், மேலே இடும் வண்ணம் பற்றாமல் அடிவண்ணத்தோடு குழம்புகிறது. தாளை நிமிர்த்திப் பிடித்து, உலர்ந்த முரட்டுத் தூரிகையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரே இழுப்பில் புதுவண்ணத்தை இட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்று: நம் ஊர் ஈரத்தில் பேஸ்டல் எளிதில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையே அட்டைச்சட்டம் வைத்துச் சட்டமிட்டு, மழை நனைக்கும் வெளிச்சுவரில் அல்லாமல் உட்சுவரில் மாட்டுங்கள்.