இடுப்பு தரையில் இடிக்காத கேம்பிங் மேட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 82 கிலோ. ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு காரில் கொடைக்கானல் பக்கம் போய் டென்ட் அடித்துத் தங்குவோம். ஆன்லைனில் வாங்கிய 2.5 செ.மீ. செல்ஃப் இன்ஃப்ளேட்டிங் மேட்டில் படுத்தால் இடுப்பும் தோளும் தரையில் இடிக்கின்றன. விடியற்காலையில் கீழிருந்து குளிர் ஏறுகிறது. எழுந்து பார்த்தால் காற்றும் குறைந்திருக்கிறது. எத்தனை செ.மீ. மேட் வாங்கலாம்? இமயமலை ட்ரெக்கிங்குக்கும் அதையே எடுத்துப் போகலாமா? பழைய மேட் ஓட்டையா?

பதில்: உங்கள் எடைக்கும் படுக்கும் வாகுக்கும் 5 செ.மீ.க்குக் குறைந்த மேட் ஒத்துவராது. காரில் போவதால் சுமை ஒரு பிரச்சினை இல்லை, 7.5 செ.மீ. கனம், 63 செ.மீ.க்குக் குறையாத அகலம், 4க்குக் குறையாத ஆர் வேல்யூ (தரைக் குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இமயமலைக்குச் சுமந்து போக வேறு ஏற்பாடு வேண்டும். பழைய மேட் ஓட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த மேட்டின் உள்ளே இருப்பது வெறும் காற்று அல்ல. நுண்துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் ஃபோம் ஒன்று, மேலும் கீழும் காற்றுப் புகாத துணியோடு முழுப் பரப்பிலும் ஒட்டப்பட்டிருக்கும். பிழிந்த பஞ்சு கையைத் தளர்த்தியதும் தண்ணீரை உறிஞ்சுவது போல, சுருட்டி நசுக்கிய ஃபோம் வால்வைத் திறந்ததும் விரிந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். முன்பு போயிங்கில் வேலை பார்த்த பொறியாளர்கள் சியாட்டிலில் 1972இல் தொடங்கிய கேஸ்கேட் டிசைன்ஸ் நிறுவனம்தான் 'தெர்ம்-எ-ரெஸ்ட்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். பெயரில் 'செல்ஃப்' இருந்தாலும் எந்த மேட்டும் முழுக்கத் தானாக நிரம்பிவிடாது. கடைசியில் சில மூச்சு நாம்தான் ஊத வேண்டும்.

கனத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். மல்லாந்து படுப்பவரின் எடை முதுகு, பிட்டம், தொடை என்று பரவிவிடும், அவருக்கு 3.8 செ.மீ.யே போதும். ஒருக்களித்துப் படுத்தால் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பு, தோள்பட்டை என்ற இரண்டே இடங்களில் இறங்கும். அந்த இரண்டும் நன்றாக அமுங்க வேண்டும், நடுவில் உள்ள இடைக்கு மேட் முட்டுக்கொடுக்க வேண்டும். 2.5 செ.மீ.யில் அதற்கு இடமே இல்லை. இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே மேட் தாராளம். அதைத் தூக்கிப் போட வேண்டாம், பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் சோதிக்கும்போது மேட்டில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்தால் மொத்த எடையும் ஓரிடத்தில் இறங்குவதால் நல்ல மேட்டும் தரை தட்டும். விரிக்கச் சொல்லி, சில மூச்சு ஊதி, ஒருக்களித்துப் படுங்கள். கூட வந்தவரை, இடுப்பெலும்புக்கு நேர் கீழே, மேட்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைக்கச் சொல்லுங்கள். எலும்பு கையை அழுத்தினால் அந்த மேட் வேண்டாம். கை சுலபமாக நுழைந்து, மெத்தென்ற அழுத்தம் மட்டும் தெரிந்தால் சரி. ஐந்து நிமிடமாவது அப்படியே படுத்திருங்கள். தோள் மரத்துப்போகிறதா என்பது முதல் நிமிடத்தில் தெரியாது.

நல்ல மேட்டையும் கெடுப்பது அளவுக்கு மீறி ஊதுவது. கல்போல் இறுகிய மேட்டில் இடுப்பு அமுங்காது, இடை அந்தரத்தில் தொங்கும், காலையில் முதுகு வலிக்கும். உடனே மேட் சரியில்லை என்று இன்னும் கனமானதைத் தேடுவார்கள். இப்படிச் செய்யுங்கள்: முதலில் இறுக்கமாகவே ஊதி வால்வை மூடுங்கள். இரவில் எப்படிப் படுப்பீர்களோ அப்படி ஒருக்களித்துப் படுங்கள். கையை நீட்டி வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். இடுப்பும் தோளும் இறங்கி, இடையை மேட் வந்து தொடும் வரை ஒவ்வொரு நொடியாக விடுங்கள். இடுப்புக்கும் தரைக்கும் ஒன்றிரண்டு செ.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். இதற்காகவே வால்வு தலைமாட்டு மூலையில், படுத்தபடி கைக்கு எட்டுமாறு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். காற்றை உள்ளே விட ஒன்று, வெளியேற்ற ஒன்று என இரண்டு வால்வு உள்ள மேட்டில் இந்த வேலை இன்னும் எளிது.

அகலத்துக்கு வருவோம். வழக்கமான அளவு 183 × 51 செ.மீ. மல்லாந்து படுத்தாலே பலருக்கு முழங்கை வெளியே போய்விடும். முழங்காலை மடக்கிப் படுப்பவருக்கு நிச்சயம் போதாது. கால்பக்கம் குறுகிப் போகும் வடிவமும் உங்களுக்கு வேண்டாம், செவ்வகமே சரி. ஆனால் வாங்குவதற்கு முன் டென்ட்டின் உள் அகலத்தை அளந்துவிடுங்கள். இருவர் டென்ட் என்று விற்பவற்றில் பல 120 முதல் 130 செ.மீ. அகலம்தான். 64 செ.மீ. மேட் இரண்டைப் போட்டால் 128 செ.மீ. ஆகிவிடும், ஓரங்கள் துணிச்சுவரில் உரசி பனிநீரில் நனையும். தம்பதிக்கான இரட்டை மேட்டைவிட இரண்டு தனி மேட்டைப் பட்டையால் கட்டிக்கொள்வதே மேல். ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்க மாட்டார், ஒன்று ஓட்டையானாலும் இன்னொன்று இருக்கும்.

விடியற்காலைக் குளிருக்குக் காரணம், பெரும்பாலும் நினைப்பதுபோல் ஸ்லீப்பிங் பேக் மட்டமானது என்பதல்ல. உடல் எடையில் நசுங்கிய பேக்கின் பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்காது. முதுகுப் பக்கம் உங்களுக்கும் மண்ணுக்கும் இடையே நிற்பது மேட் மட்டும்தான். அது வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஆர் வேல்யூ. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை 2018இல் வந்தது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே மேட்டை வைத்து, சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளப்பார்கள். அதற்கு முன் ஆளுக்கொரு முறையில் அளந்ததால் எண்களை ஒப்பிடவே முடியாது. அட்டையில் அந்தத் தரநிலையின் பெயர் இருந்தால் நம்பி ஒப்பிடலாம். 'மைனஸ் 10 டிகிரி வரை' என்று வெப்பநிலை மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏலகிரி, ஏற்காடு போன்ற இடங்களில் கோடையில் தங்க ஆர் வேல்யூ 2 போதும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். உதகையில் புல்லின் மேல் உறைபனியே படியும். அங்கெல்லாம் 4 இருந்தால் நிம்மதி. தடிமனான மேட் கட்டாயம் கதகதப்பாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். எடை குறைக்க ஃபோமில் துளையிட்டிருப்பார்கள். மேலிருந்து கீழாகத் துளையிட்ட மேட் சிறிதாகச் சுருளும், ஆனால் குளிரைத் தடுக்கும் திறன் குறையும். ஃபோமே இல்லாத வெறும் காற்று மெத்தை 20 செ.மீ. உயரம் இருந்தாலும் உள்ளே காற்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். மலைக் குளிருக்கு அது உதவாது.

இனி இமயமலை. 7.5 செ.மீ. மேட் இரண்டு கிலோவுக்கு மேல்கூடப் போகும், சுருட்டினால் முதுகுப்பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். முதலில், உங்களை அழைத்துப் போகும் குழு மேட் தருகிறதா என்று கேளுங்கள். தந்தாலும் அது மெல்லிய ஃபோமாக இருக்கலாம். ஆர் வேல்யூக்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது இங்கே கைகொடுக்கும்: கீழே 2 மதிப்புள்ள மூடுதுளை ஃபோம் மேட் (காற்று ஊதத் தேவையில்லாத, துளைகள் தனித்தனியாக மூடிய ஃபோம்), மேலே ஒரு கிலோவுக்குள் அடங்கும் 5 செ.மீ., 3.5 மதிப்புள்ள மேட் என்றால் மொத்தம் 5.5. பனிமேல் டென்ட் அடிக்கும் பயணத்துக்கு இதற்குக் குறைய வேண்டாம். மூடுதுளை ஃபோம் பஞ்சராகாது என்பதால், மேல் மேட் கைவிட்டாலும் இரவைக் கடத்திவிடலாம்.

காற்று குறைந்த விஷயம். மாலையில் 25 டிகிரியில் ஊதிய காற்று நள்ளிரவில் 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் கன அளவு ஏறக்குறைய 7 சதவீதம் சுருங்கும். வாயால் ஊதிய சூடான மூச்சு இன்னும் சுருங்கும். 2.5 செ.மீ. மேட்டில் அந்தச் சுருக்கம் நன்றாகவே தெரியும். அதனால் மாலையில் ஊதி வைத்து, படுக்கப் போகும்போது இன்னும் இரண்டு மூச்சு ஊதி, பிறகு அளவு பார்ப்பதே சரி. மூச்சோடு ஈரமும் உள்ளே போய்ப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வெளிக்காற்றைப் பிடித்து மேட்டுக்குள் அழுத்தும் ஊதும் பை கொண்டுபோவது நல்லது.

புதிய மேட் குடோனில் மாதக்கணக்கில் சுருட்டிக் கிடந்திருக்கும். வாங்கியதும் வால்வைத் திறந்து ஒரு நாள் முழுக்க விரித்து வையுங்கள். வீட்டில் வைக்கும் முறையும் அதேதான்: சுருட்டாமல், வால்வைத் திறந்தபடி, கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ. சுருட்டியே வைத்தால் ஃபோம் அந்தத் தட்டை வடிவத்துக்கே பழகி, பிறகு காற்றை இழுக்காது. 'முன்பு தானாக நிரம்பியது, இப்போது நிரம்புவதில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மலையில் விரிக்கும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே கையால் தடவிப் பாருங்கள். கொடைக்கானல், நீலகிரி பகுதிகளில் யூகலிப்டஸ் மரத்தடி என்றால் முனையுள்ள கெட்டிக் காய்கள் கிடக்கும், புதரோரம் என்றால் உண்ணிச்செடி முள். டென்ட்டுக்கு அடியிலும் ஒரு தார்ப்பாய் போடுங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் டென்ட் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பகலில் வெயிலில் காயும் டென்ட்டுக்குள் மேட்டை இறுக்கமாக மூடி வைக்காதீர்கள், வால்வைத் திறந்துவிடுங்கள். மூடிய காரின் பின்கண்ணாடிக்கு அடியிலும் போடாதீர்கள். உள்ளே காற்று விரிந்து, சூட்டில் பசையும் இளகினால் ஃபோமிலிருந்து துணி பிரிந்து நடுவில் பலூன்போல் புடைக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. வாரன்டி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கொசு மருந்தில் டீட் என்ற பொருள் இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் செயற்கைத் துணியையும் அரிக்கக்கூடும். கையில் தடவிய உடனே மேட்டைத் தொட வேண்டாம்.

சுருட்டுவதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முதலில் வால்வைத் திறந்து, கால்பக்கத்திலிருந்து வால்வை நோக்கி முழங்காலால் அழுத்தியபடி சுருட்டி, முடிவில் வால்வை மூடுங்கள். பிரித்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடி திறந்து சுருட்டினால்தான் பையில் நுழையும்.

பழைய மேட் உண்மையிலேயே ஓட்டையா என்று வீட்டில் பார்த்துவிடலாம். இறுக்க ஊதி மூடி, வெப்பம் மாறாத அறையில் மேலே புத்தகக் கட்டு ஒன்றை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் வால்விலிருந்து தொடங்குங்கள். ஒரு மணல் துகள் மாட்டியிருந்தாலே போதும், காற்று கசியும்; வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும். வால்வு நன்றாக இருந்தால் சோப்பு நீரை ஸ்பாஞ்சால் தடவி, ஓர இணைப்புகளில் தொடங்கிப் பகுதி பகுதியாக அழுத்திப் பாருங்கள். விடாமல் நுரை கிளம்பும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகு, மேட்டோடு வந்த ஒட்டுத்துண்டையோ பாலியூரித்தேன் பசையையோ ஓட்டையைச் சுற்றி ஒரு செ.மீ. கூடுதலாக இருக்கும்படி ஒட்டுங்கள். ஃபெவிக்விக் போன்றவை கல்லாக இறுகி, அடுத்த முறை சுருட்டும்போதே விரிசல் விடும். சைக்கிள் டியூப் சொல்யூஷன் இந்தத் துணியில் சரியாகப் பிடிக்காது. பசை முழுக்க இறுகச் சமதரையில் ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் அதே புத்தகக் கட்டை வைத்து மறுபடி பாருங்கள்.