சுவிட்ச் வேலை செய்கிறது, புரதம் எங்கே?

கேள்வி: என் புரதத்துக்கான பரம்பரையலகைப் புகுத்திய ஈ.கோலை பற்றீரியாவுக்கு, அதை இயக்கிவிடும் ஐ.பி.ரி.ஜி. என்ற இரசாயனத்தை 1 மில்லிமோலார் அளவில் சேர்த்து, 37 பாகை செல்சியஸில் 4 மணித்தியாலம் வளர்த்தேன். முழுக் கலங்களை, புரதங்களைப் பருமன்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓடவிட்டால் என் புரதத்தின் பட்டை தடிப்பாகத் தெரிகிறது. கலங்களை உடைத்து, மையநீக்கியில் சுற்றிய பின் மேலே நிற்கும் தெளிவில் ஒன்றுமே இல்லை. ஐ.பி.ரி.ஜி.யைக் கூட்டவா? அது பரம்பரையலகை எப்படி இயக்குகிறது?
– பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: கூட்ட வேண்டாம், குறையுங்கள்.

ஐ.பி.ரி.ஜி. டி.என்.ஏ.யைத் தொடுவதே இல்லை. பரம்பரையலகின் வாசலை மறித்துக்கொண்டு லக் அடக்கிப் புரதம் குந்தியிருக்கிறது. ஐ.பி.ரி.ஜி. அதில் ஒட்டியதும் அதன் வடிவம் மாறி, பிடி தளர்கிறது, பரம்பரையலகைப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பொலிமரேசுக்கு வழி கிடைக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஜேக்கப்பும் மொனோவும் 1961இல் விளக்கிய பொறிமுறை இது. இயற்கையில் இந்த வேலையைச் செய்வது லக்டோசிலிருந்து உண்டாகும் அலோலக்டோஸ். பற்றீரியா அதைத் தின்று தீர்த்துவிடும், ஐ.பி.ரி.ஜி.யை அதனால் உடைக்க முடியாது. ஆகவே சேர்த்த அளவு கடைசிவரை நிற்கும்.

பட்டை தடிப்பாக இருப்பதே வாசல் திறந்ததற்குச் சாட்சி. புரதம் உருவாகும் வேகத்துக்கு அது ஒழுங்காக மடிய அவகாசம் இல்லை, அதுதான் சிக்கல். அடிமண்டியைக் கவனியுங்கள்: பழுப்பான, கொழகொழத்த கலச் சிதைவுக்கு அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளையாக இறுகிய படை இருந்தால், அது மடியாத புரதத் திரளாக இருக்கலாம். சிறிதளவை 8 மோலார் யூரியாவில் கரைத்து, தெளிவுக்குப் பக்கத்தில் ஜெல்லில் ஓடவிடுங்கள், சந்தேகம் தீரும்.

இனி இப்படிச் செய்யுங்கள். 2.38 கிராம் ஐ.பி.ரி.ஜி.யை நீரில் கரைத்து 10 மில்லிலீற்றராக்கினால் 1 மோலார் கரைசல். 0.22 மைக்ரோன் வடியில் வடித்து, சிறு குழாய்களில் பிரித்து −20 பாகையில் வையுங்கள். 600 நனோமீற்றரில் ஒளியடர்த்தி (கலங்கள் எவ்வளவு பெருகின என்பதன் அளவு) 0.6 வரும்வரை 37 பாகையில் வளர்த்து, ஒப்பீட்டுக்கு 1 மில்லிலீற்றர் எடுத்து வையுங்கள். குடுவையை முதலில் 18 பாகைக்குக் குளிர்வித்த பின்னரே லீற்றருக்கு 0.1 மில்லிலீற்றர் கரைசலைச் (அதாவது 0.1 மில்லிமோலார்) சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால், குளிர்வதற்குள் திரளத் தொடங்கிவிடும். பிறகு 16 மணித்தியாலம் குலுக்குங்கள்.

கொழும்பில் அறை வெப்பநிலையே 30 பாகையை ஒட்டி நிற்கும். குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரில் முள்ளை 18இல் வைத்தாலும் உள்ளே 18 வராது. குடுவைக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

வளர்ப்பூடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் தூண்டல் மந்தமாகும், இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 18 பாகையிலும் புரதம் அடியிலேயே தங்கினால், நன்றாகக் கரையும் மோல்டோஸ் பிணைப்புப் புரதத்தோடு இணைத்து உருவாக்கிப் பாருங்கள். கரைதிறன் பெரும்பாலும் கூடும்.