பூங்கா நிலம் ஏன் மலிவாகத் தெரிகிறது?

கேள்வி: அமெரிக்காவில் நெடுஞ்சாலைக்காகப் பூங்காக்களைத் தொடவே கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: தொடவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வேறு வழி இருக்கும்போது தொடாதே என்கிறது. அந்நாட்டில் மத்திய அரசின் போக்குவரத்துத் துறையை உருவாக்குவதற்காக 1966-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 4-எஃப் பிரிவு அது. பொதுப் பூங்கா, விளையாட்டுத் திடல், காட்டுயிர்ப் புகலிடம், வரலாற்றுச் சின்னம் ஆகியவற்றின் நிலத்தைச் சாலைக்கு எடுப்பதானால், நடைமுறைக்கும் விவேகத்துக்கும் ஏற்ற மாற்று வழி எதுவும் இல்லை என்று முதலில் காட்டியாக வேண்டும். அதன் பிறகும், சேதத்தைக் குறைக்க என்னவெல்லாம் செய்ய இயலுமோ அவ்வளவையும் திட்டத்திலேயே சேர்த்தாக வேண்டும். பூங்காவுக்குப் பெரிய பாதிப்பில்லாத சிறு மாற்றங்களுக்கு 2005-இல் விலக்கு அளித்திருக்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் நாலடி எடுப்பதற்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் அது நியாயம்தான்.

கேள்வி: ஏழைகளின் வீடுகளை இடித்துச் சாலை போடுவதைவிட, யாரும் குடியிருக்காத பூங்காவின் வழியே போடுவது மேல் அல்லவா?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள கருணையை மதிக்கிறேன். ஆனால் இதே வாதம்தான் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே 342 ஏக்கர் பரப்புள்ள ஓவர்டன் பூங்காவின் குறுக்கே ஐ-40 என்னும் ஆறுவழிச் சாலையைக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அழியப்போவது 26 ஏக்கர், அதாவது பதின்மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சாலை வந்திருந்தால் உயிரியல் பூங்கா ஒருபுறமும், பழமையான மரங்கள் அடர்ந்த காடு மறுபுறமுமாகப் பிரிந்துபோயிருக்கும். ஊர்க்காரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1971 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய அந்தத் தீர்ப்பில் ஒரு நுட்பமான கவனிப்பு இருக்கிறது. பூங்கா நிலம் ஏற்கெனவே அரசின் கையில் இருப்பதால் விலை கொடுக்க வேண்டியதில்லை. அதில் வீடோ கடையோ இல்லாததால் யாரையும் வெளியேற்ற வேண்டியதுமில்லை. ஆகவே செலவையும் குடியிருப்போரின் இடைஞ்சலையும் மட்டும் தராசில் வைத்தால், எந்த ஊரிலும் எந்தத் திட்டத்திலும் பூங்காதான் மலிவாகத் தெரியும். அப்படி எடைபோடுவதே போதுமென்றால் இப்படியொரு சட்டமே தேவைப்பட்டிருக்காது என்றார் அவர். நீண்ட இழுபறிக்குப் பின் 1981-இல் அந்தப் பாதை கைவிடப்பட்டது. இன்று ஐ-40 நகரின் வடபுறமாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

வருந்தத்தக்க இன்னொரு செய்தி: பூங்கா வழக்கு முடிவதற்கு முன்பே, அதற்குக் கிழக்கே இருந்த வீடுகளையும் கடைகளையும் சாலைக்காக இடித்துவிட்டார்கள், அந்த இடம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. மாற்று வழியை வரைபடத்தில் கோடு போடும் முன்னரே தேடியிருந்தால் பூங்காவோடு அந்த வீடுகளும் தப்பியிருக்கும்.

கேள்வி: மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையிலுள்ள பென்ச் புலிகள் காப்பகத்தில் போல, எங்கள் திம்பம் மலைப்பாதையிலும் விலங்குகளுக்குப் பாலம் கட்டினால், வாகனங்களுக்கு விதித்த இரவுத் தடையே தேவைப்படாதே?
(ஒரு வாசகர், சத்தியமங்கலம்)

பதில்: பென்ச்சில் நல்ல பலன் கிடைத்திருப்பது உண்மை. நாக்பூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ நான்கு வழியாக்கியபோது, மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையை உயர்த்தி, 50 மீட்டர் முதல் 750 மீட்டர் வரை அகலமுள்ள கீழ்வழிகளை விட்டார்கள். 2019-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் அங்கே வைத்த தானியங்கிக் கேமராக்களில் 18 வகைக் காட்டுயிர்கள் பதிவாயின. 11 புலிகள் 89 முறை கடந்திருந்தன.

ஆனால் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சரிவில் அத்தகைய பாலத்தை எழுப்ப, விலங்குகளுக்காக என்று சொல்லிக்கொண்டே மலையைக் குடைய வேண்டியிருக்கும். மேலும், கடந்து செல்ல வழியில்லாததால் மட்டும் அங்கே யானைகள் சாலைக்கு வருவதில்லை. அளவுக்கு மீறிக் கரும்பு ஏற்றிய லாரிகளிலிருந்து காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் விழும் கட்டுகளைத் தின்று பழகிய யானைகள், லாரியை எதிர்பார்த்துச் சாலையோரம் காத்து நிற்கின்றன. கீழ்வழி கட்டிக் கொடுத்தாலும் அவை மேலேதான் வரும். அங்கே கட்டுமானத்தைவிட நேரக் கட்டுப்பாடும் சுமைக் கட்டுப்பாடும்தான் பொருத்தமான மருந்து. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை நடைமுறைக்கு வந்ததையும், பிறகு மலைக்கிராமத்தாருக்குத் தளர்வு அளிக்கப்பட்டதையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். மருத்துவமனைக்குப் போகிறவரை மறிப்பதும் சரக்கு லாரியை விடியும்வரை நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல.