ஒரே கோளாறு, இரண்டு இன்சென்டிவ்

வணக்கம்.

வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் டீம் லீடராக இருக்கிறேன். ஆறு மாதம் முன்பு, முடித்துவைக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து இன்சென்டிவ் கொடுக்க ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை ஏறியது, கூடவே புகார்களும் ஏறின. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பணத்தைக் காட்டினால் உள்ளிருந்து வரும் ஊக்கம் செத்துவிடும் என்கிறார்களே, அதுதானா இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை என்றுதான் நினைக்கிறேன். 1971இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி வெளியிட்ட சோதனையை யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். புதிரை அவிழ்க்கக் காசு வாங்கிய மாணவர்களுக்கு, காசு நின்றதும் அதில் ஆர்வம் குறைந்தது. ஆனால் அது அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. நாளெல்லாம் அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குவதை யாரும் ஆசைக்காகச் செய்வதில்லை.

உங்கள் ஆட்களின் ஊக்கத்தில் குறையே இல்லை. எதற்குக் காசு என்றார்களோ அதை அச்சுப்பிசகாமல் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித்தரும் சேஃப்லைட் நிறுவனம், 1990களின் நடுவில் மணிக்கூலியை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாறியது. ஓர் ஆள் முடிக்கும் வேலை 44 சதவீதம் கூடியதாகப் பொருளியலாளர் எட்வர்ட் லாசியர் கணக்கிட்டார். அதில் ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. அங்கே ஒரு விதி இருந்தது. கண்ணாடி சரியாக உட்காரவில்லை என்றால் பொருத்தியவரே கூலியில்லாமல் திரும்பச் செய்துதர வேண்டும்.

உங்கள் இடத்தில்? அரைகுறையாக முடிந்த அழைப்புக்காரர் மறுநாள் மறுபடி கூப்பிடுவார். எடுப்பவர் வேறொருவர், அவர் கணக்கிலும் ஒன்று ஏறும். தவறுக்கே இன்சென்டிவ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஒரு வாரத்துக்குள் அதே பிரச்சினை திரும்பி வந்தால் முதலில் முடித்தவர் கணக்கிலிருந்து அந்த ஒன்றைக் கழிக்கச் சொல்லுங்கள். சிக்கலான அழைப்புகளைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதிலும் ஒரு கண் வேண்டும்.

சொல்லிக்கொடுப்பது வேறு கதை, அதை எண்ண முடியாது. பொருளியலாளர்கள் ஹோல்ம்ஸ்ட்ரோமும் மில்குரோமும் 1991இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். வேலையில் ஒரு பகுதியை மட்டும் அளக்க முடிந்து, அதற்கே கொட்டிக்கொடுத்தால் மற்றது கவனிப்பாரற்றுப் போகும். அதைவிட நிலையான சம்பளமே மேலாக இருக்கலாம் என்றார்கள். இன்சென்டிவில் ஒரு பங்கைச் சம்பளத்தில் சேர்க்கக் கேட்டுப்பாருங்கள். முடியாது என்றால், அனுபவசாலி ஒருவரைத் தினம் ஒரு மணி நேரம் போனிலிருந்து விடுவித்துப் புதியவர்களோடு உட்காரவையுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கான டார்கெட்டையும் குறைத்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு "யாருமே உதவுவதில்லை" என்று புலம்பிய மேலாளர்களை நானே பார்த்திருக்கிறேன்.