நிலம் அவர்களுடையது, எண்ணெய் யாருடையது?

கேள்வி: அமேசான் காடு பழங்குடிகளுக்குச் சொந்தம் என்று பத்திரமே இருக்கும்போது, அங்கே எப்படி எண்ணெய் எடுக்கிறார்கள்?

ஈக்வடாரிலும் பெருவிலும் அந்தப் பத்திரம் மேல்மண்ணுக்குத்தான். அடியில் கிடக்கும் எண்ணெய் அரசுடையது. ஆனால் அங்கு வாழ்பவர்களை முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 169-ஆம் உடன்படிக்கை (1989). கலந்து பேசினால் போதுமா, சம்மதமும் வாங்க வேண்டுமா என்பதில்தான் இன்றுவரை சண்டை. ஈக்வடாரின் சரயாக்கு ஊரில் அந்தப் பேச்சுகூட நடக்கவில்லை. அங்குள்ள கிச்வா பழங்குடி மக்களின் காட்டில், எண்ணெய் தேடப் புதைத்த 1,400 கிலோவுக்கும் மேலான வெடிமருந்தை எண்ணெய் நிறுவனம் விட்டுச் சென்றது. தவறு அரசுடையதே என்று 2012-இல் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் வெடிமருந்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

கேள்வி: எண்ணெய்க் கசிவுதானே பெரிய ஆபத்து?

செய்தியில் வருவது அதுதான். தினசரி ஆபத்து வேறு. எண்ணெயோடு சேர்ந்து உப்பும் கன உலோகங்களும் கலந்த சூடான நீர் மேலே வரும். பழைய கிணறுகளில் எண்ணெயைவிடப் பல மடங்கு. பெருவின் கொரியன்டெஸ் ஆற்றுப் பகுதியில் இந்த நீரைப் பல ஆண்டுகள் ஓடைகளில் திறந்துவிட்டார்கள். 2006-இல் அங்குள்ள அச்சுவார் பழங்குடி மக்கள் எண்ணெய் நிலையங்களை முற்றுகையிட்ட பிறகே, அதை நிலத்தடியிலேயே திரும்பச் செலுத்த நிறுவனம் சம்மதித்தது. அதற்கான தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. செலவு செய்யத்தான் மனமில்லை.

அப்புறம் சாலை. கிணற்றுக்குக் கொஞ்சம் இடம் போதும். அதற்காகப் போட்ட சாலையில் மரவெட்டிகள், வேட்டைக்காரர்கள், குடியேறிகள் என்று வரிசையாக வருவார்கள். என்னைக் கேட்டால் கசிவைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பெருவின் கமிசேயா எரிவாயுக் கிணறுகளுக்குச் சாலையே போடாமல், ஹெலிகாப்டரிலும் படகிலும் போய்வந்தார்கள். அதன் குழாய் முதல் சில ஆண்டுகளில் பலமுறை உடைந்தது தனிக்கதை.

கேள்வி: சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை நம்பலாமா?

அதை எழுத யார் காசு கொடுத்தார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் திட்டம் கேட்கும் நிறுவனமே.

கேள்வி: ஈக்வடாரின் யசுனி தேசியப் பூங்காவில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த மக்கள் வாக்களித்தார்களே, நின்றதா?

2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நிறுத்தச் சொன்னார்கள். கெடு ஓராண்டு. அது முடியும் நேரத்தில் மூட ஆரம்பித்தது ஒரே ஒரு கிணறு; இருந்தவையோ இருநூறுக்கு மேல். முன்பு 2007-இல், உலக நாடுகள் 360 கோடி டாலர் தந்தால் இந்த எண்ணெயைத் தொடமாட்டோம் என்றது ஈக்வடார். 2013 வரை கைக்கு வந்தது சுமார் 1.3 கோடி. சரி என்று தோண்டினார்கள். இப்போது அந்த வருமானத்தை விட மனம் வரவில்லை. கிணறு மூடும் செலவையும் கால அட்டவணையையும் துளையிடும் முன்பே உரிமத்தில் எழுதிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.